எந்த பெட்ரோல் போடுவது என்று ஆறு வருஷம் நோட்டில் எழுதிப் பார்த்தேன்

எங்கள் குடும்பத்தில் வண்டி விஷயம் என்றால் சித்தப்பா சொன்னதுதான் சட்டம். நான் முதல் கார் வாங்கியபோது, அது செகண்ட் ஹேண்ட், சின்ன இன்ஜின், சாவியைக் கையில் கொடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நாம வயித்தைக் கட்டலாம், வண்டிக்கு வயித்தைக் கட்டக் கூடாது. பிரீமியம் பெட்ரோல்தான் போடணும், அதுவும் ஒரே கம்பெனி பங்க்லதான் போடணும்." அவர் அப்படித்தான் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். அவருடைய பங்க் தவிர வேறு எங்கு நிறுத்தினாலும் முகம் சுருங்கிவிடும். ரிசர்வ் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே மூன்று பங்க்குகளைத் தாண்டிக் கூட்டிப்போய், நான்காவதில் நிறுத்திய ஆள்.

நானும் ஒன்றரை வருஷம் பிரீமியமே போட்டேன். போட்ட அன்று வண்டி பறப்பது போலத் தோன்றும். பிக்கப் கூடின மாதிரி, சத்தம் குறைந்த மாதிரி, கியர்கூட வெண்ணெயாக விழுந்த மாதிரி. கியருக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சந்தேகத்தைக் கிளப்பியது தங்கச்சி. அவளும் அதே காரைத்தான் ஓட்டுவாள், பல சமயம் சாதா பெட்ரோலைப் போட்டுவிட்டு என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கிறாள். ஒருநாள் "இன்னைக்கு வண்டி எப்படிப் போகுது பாத்தியா, பிரீமியம்னா பிரீமியம்தான்" என்று நான் பெருமையடிக்க, அவள் சிரித்துவிட்டு, டேங்கில் இருப்பது சாதா என்று சொன்னாள். கோபம் வந்தது. அப்புறம் ஒரு பந்தயம் கட்டினோம். ஆறு முறை அவள் பெட்ரோல் போட்டு ரசீதை மறைத்து வைத்துக்கொள்வது, நான் ஓட்டிப் பார்த்து எது என்று சொல்வது. ஆறில் மூன்று சரி, மூன்று தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க் வாங்கியிருப்பேன்.

அன்றுதான் நோட்டு எழுத ஆரம்பித்தேன். சாதாரண கோடு போட்ட நோட்டு. தேதி, கிலோமீட்டர், எத்தனை லிட்டர், எந்த ரகம், எந்த பங்க், ஏசி ஓடியதா, எத்தனை பேர் இருந்தோம். முதல் மூன்று மாதம் எழுதியது எல்லாம் குப்பை, அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஒரு டேங்க் பிரீமியம், ஒரு டேங்க் சாதா என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றில் லிட்டருக்கு 15 வந்தது, இன்னொன்றில் 16 வந்தது என்று முடிவு கட்டினால் அது முடிவே இல்லை. பம்ப் தானாகக் கட் ஆகும் இடம் ஒவ்வொரு முறையும் ஒரே இடமில்லை. வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றால் மாறும், குழாயை எவ்வளவு உள்ளே விட்டார்கள் என்பதைப் பொறுத்து மாறும். 30 லிட்டரில் அரை லிட்டர் முன்னே பின்னே ஆனாலே மைலேஜ் கணக்கில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் பிழை வந்துவிடும். நாம் தேடுகிற வித்தியாசமே அவ்வளவுதான் இருக்கும் என்றால் அளந்து என்ன பயன்?

பிறகு ஒழுங்காகச் செய்தேன். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி ஒரே திசையில், முதல் கட் ஆனதும் நிறுத்திவிடுவது. அதற்கு மேல் ரவுண்டாக்குகிறேன் என்று சொட்டுச் சொட்டாக ஏற்றுவது வேண்டவே வேண்டாம், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பா ஒன்று இன்றைய வண்டிகளில் உண்டு, டேங்கை வழிய வழிய நிரப்பினால் அதற்குள் பெட்ரோல் போய்க் கெட்டுவிடும். ஒரு ரகத்தைத் தொடர்ந்து ஐந்து டேங்க் போட்டு, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தேன். சாதாவில் 15.6, பிரீமியத்தில் 15.7. அதே நோட்டில் ஏசி போட்டு நெரிசலில் ஓடிய வாரங்களையும் காலியான நெடுஞ்சாலையில் ஓடிய வாரங்களையும் ஒப்பிட்டால் லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர் வித்தியாசம். டயரில் காற்று குறைந்திருந்த ஒரு மாதம்கூடத் தனியாகத் தெரிந்தது. பெட்ரோல் ரகம் மட்டும் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பது, ஆக்டேன் எண் என்றால் என்ன என்று படித்த பிறகுதான் புரிந்தது. நான் அதைச் சாராயத்தின் போதை அளவு மாதிரி நினைத்திருந்தேன், எண் கூடினால் வீரியம் கூடும் என்று. அப்படி இல்லை. அது பெட்ரோலின் பொறுமை. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து அழுத்தப்படும்போது சூடேறும். ஸ்பார்க் பிளக் பொறி விட்டு, அங்கிருந்து தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். பொறுமை இல்லாத பெட்ரோல், தீ வந்து சேருவதற்குள் மூலையில் தானாகவே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, சட்டென்று வெடிக்கும் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, அந்தக் கலவைகளோடு ஒப்பிட்டுத்தான் பெட்ரோலுக்கு எண் கொடுக்கிறார்கள். பிரீமியத்தின் 95 என்றால் சாதாவின் 91-ஐ விட அதிகச் சக்தி அடைத்தது என்று அர்த்தமில்லை. லிட்டருக்கு லிட்டர் இரண்டிலும் ஏறக்குறைய அதே சூடுதான் இருக்கிறது. என் சின்ன இன்ஜினில் அழுத்தமே குறைவு, 91-இன் பொறுமையே அதற்கு ஏராளம். அவசரப்படாத ஆளிடம் போய் இன்னும் பொறுமையாக இரு என்று சொன்னால் என்ன மாற்றம் வந்துவிடும்?

2016-இல் அமெரிக்க வாகன ஓட்டுநர் சங்கமான ட்ரிபிள் ஏ இதையே ஆய்வுக்கூடத்தில் சோதித்து, சாதா போதும் என்று தயாரிப்பாளர் சொன்ன கார்களில் பிரீமியம் போட்டால் குறிப்பிடும்படியான பலன் இல்லை என்று அறிவித்தது. நான் நோட்டில் மாதக்கணக்கில் எழுதிக் கண்டுபிடித்ததை அவர்கள் முன்பே முடித்து வைத்திருந்தார்கள். பரவாயில்லை.

எண்ணைப் பற்றி இன்னொரு குழப்பம். ஒருமுறை அமெரிக்காவில் வாடகைக் கார் எடுத்தபோது பம்பில் 87 என்று போட்டிருந்ததைப் பார்த்து, இவ்வளவு மட்டமான பெட்ரோலா என்று பயந்து நடுவில் இருந்த 89-ஐ அழுத்தினேன். பயமே தேவையில்லை. அங்கே ரிசர்ச் எண், மோட்டார் எண் என்ற இரண்டு சோதனை எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்துப் போடுகிறார்கள். ஐரோப்பாவிலும் உலகின் பல நாடுகளிலும் ரிசர்ச் எண் மட்டும். அதனால் அங்கத்திய 87 கிட்டத்தட்ட இங்கத்திய 91. வேறு நாட்டில் ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் வீண் செலவு மிச்சம்.

சரி, இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் பெரிய அறிவாளியாகத் திரிந்திருப்பேன். கொஞ்ச நாள் திரியவும் செய்தேன். பிரீமியம் போடுகிற எல்லோரையும் ஏமாளி என்று பேசினேன். அந்தத் தலைக்கனத்தோடுதான் இரண்டாவது வண்டி வாங்கினேன். டர்போ இன்ஜின், அதாவது காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் வகை, சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். கையேட்டில் குறைந்தபட்சம் 91, பரிந்துரை 95 என்று தெளிவாக எழுதியிருந்தது. குறைந்தபட்சம் என்றாலே போதும் என்றுதானே அர்த்தம் என்று 91 போட்டேன்.

தட்டையான ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்து பேரும் சாமான்களும் ஏறி, நல்ல வெயிலில் மலைப்பாதை ஏறியபோதுதான் மாட்டிக்கொண்டேன். சத்தம் இல்லை, விளக்கு எரியவில்லை, ஆனால் வண்டி இழுக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் யோசித்துவிட்டுப் போவது போல இருந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் போனட்டைத் திறக்கவே இல்லை. "என்ன பெட்ரோல் போட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அதான். வண்டி தன்னைத் தானே காப்பாத்திக்குது சார். நாக்கிங் வர்ற மாதிரி இருந்தா சென்சார் மோப்பம் புடிச்சு, பொறி விடுற நேரத்தைத் தள்ளிப் போட்டுடும். இன்ஜின் பொழச்சுக்கும், இழுவை போயிடும்."

நோட்டிலும் அது தெரிந்தது. 91-இல் ஐந்து டேங்க் சராசரி 13.3, 95-க்கு மாறிய பிறகு 14.1. நான் விலையில் மிச்சம் பிடித்ததாக நினைத்ததில் பெரும்பகுதியை மைலேஜ் தின்றுவிட்டது, மீதியை மலைப்பாதையில் அவமானமாகக் கட்டினேன். அப்படியானால் 98 போட்டால் இன்னும் கூடுமா என்று ஆசைப்பட்டு அதையும் நான்கு டேங்க் பார்த்தேன். 14.1 அப்படியே நின்றது. என் வண்டியின் கம்ப்யூட்டர் 95 வரைதான் பயன்படுத்திக்கொள்கிறது போலிருக்கிறது. 98-ஐயும் உண்மையாகவே பயன்படுத்திக்கொள்ளும் வண்டிகள் உண்டு, கையேட்டில் அதைச் சொல்லியிருப்பார்கள்.

ஆக, கையேட்டில் இருக்கும் வார்த்தையைக் கவனித்துப் படியுங்கள். 'கட்டாயம்' என்று ஓர் எண் இருந்தால் அதில் பேரம் இல்லை. 'பரிந்துரை' என்று இருந்தால் குறைந்ததைப் போட்டாலும் இன்ஜின் உடையாது, ஆனால் பாரம், வெயில், ஏற்றம் மூன்றும் சேரும் நாளில் குறை தெரியும். இரண்டும் இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் அந்த எண்ணே போதும். தப்பிப்போய் வேறு ரகம் போட்டுவிட்டாலும் டேங்கைக் காலி செய்ய ஓட வேண்டாம். பாதி டேங்க் 91 இருந்தால் மீதியை 95-ஆல் நிரப்புங்கள், கலவை ஏறக்குறைய 93-க்கு வந்துவிடும். டீசல் போட்டுவிட்டால் மட்டும் சாவியைத் தொடாமல் வண்டியைத் தள்ளி ஓரம் நிறுத்துங்கள், அது வேறு கதை.

சென்சார் இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குக் காதுதான் சென்சார். ஏற்றத்தில் டாப் கியரில் அழுத்தும்போது தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம் வந்தால் அது நாக்கிங். உடனே காலை எடுத்துவிட்டுக் கியரைக் குறையுங்கள். வயதான இன்ஜினில் கரி படிந்து படிந்து சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடிப்போகும், புதிதில் 91-இல் அமைதியாக ஓடியது பின்னாளில் முனக ஆரம்பிக்கலாம். அந்த வண்டிக்குச் சித்தப்பா சொன்னது சரிதான்.

கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். ரகத்தை விட இதில்தான் மக்கள் அதிகம் சண்டை போடுகிறார்கள். பல இடங்களில் போட்டிக் கம்பெனிகளின் டேங்கர் லாரிகள் ஒரே டிப்போவில் வரிசையில் நின்று, ஒரே பெரிய தொட்டியிலிருந்து பெட்ரோல் ஏற்றிக்கொள்கின்றன. குழாய் வழியாக வரும் அடிப்படைப் பெட்ரோல் யாருடையது என்று அங்கே பிரிப்பதில்லை, தரம் பொருந்தினால் போதும். வித்தியாசம் லாரியில் ஏற்றும் இடத்தில்தான் வருகிறது, அங்கேதான் ஒவ்வொரு கம்பெனியும் தன் மருந்தைக் கலக்கும். அந்த மருந்தில் முக்கியமானது கரி படியாமல் கழுவும் டிடர்ஜென்ட். செவ்ரான் தன்னுடையதை டெக்ரான் என்று விற்கிறது, ஷெல் தன் மருந்து கலந்த பிரீமியம் ரகத்துக்கு வி-பவர் என்று பெயர் வைத்திருக்கிறது, இப்படி ஆளுக்கு ஒரு பெயர்.

அந்த மருந்து சும்மா விளம்பரமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச டிடர்ஜென்ட் போதவில்லை என்று பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா நான்கும் சேர்ந்து 2004-இல் டாப் டியர் என்று ஒரு தரத்தைக் கொண்டுவந்தன. பெட்ரோல் விற்கிறவர்கள் இல்லை, இன்ஜின் செய்கிறவர்கள் கேட்டது என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் மரியாதை உண்டு. ட்ரிபிள் ஏ 2016-இல் இதையும் சோதித்தது. அந்தத் தரத்தில் இல்லாத பெட்ரோலில் ஓடிய இன்ஜினின் உள்வால்வில், அதாவது சிலிண்டருக்குள் காற்றை விடும் கதவில், சுமார் 6,400 கிலோமீட்டருக்குச் சமமான ஓட்டத்தில், சராசரியாக 19 மடங்கு அதிகக் கரி படிந்திருந்தது. அந்தத் தரத்தில் சேர்ந்த கம்பெனி தன் சாதா ரகத்திலும் அந்தத் தரம் கேட்கும் அளவு டிடர்ஜென்ட் போட வேண்டும். கழுவும் மருந்துக்காகப் பிரீமியம் வாங்குகிறேன் என்பவர்கள் தங்கள் கம்பெனி சாதாவில் என்ன போடுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. சில கம்பெனிகள் பிரீமியத்தில் மட்டும் கூடுதலாகப் போடுகின்றன என்பதும் உண்மை.

அதிலும் ஒரு சிக்கல், என் டர்போ வண்டியில் நானே பட்டது. அது டைரக்ட் இன்ஜெக்ஷன். பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது, உள்வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை. எவ்வளவு நல்ல சோப்பு போட்டாலும் தண்ணீர் படாத பாத்திரம் எப்படிச் சுத்தமாகும்? 80,000 கிலோமீட்டர் வாக்கில் காலையில் வண்டி நடுங்குகிறது என்று கொண்டுபோனபோது, அண்ணன் கழற்றிக் காட்டினார். வால்வில் கறுப்பாக, தோசைக்கல் ஓரம் போலப் படிந்திருந்தது. கையால்தான் சுத்தம் செய்ய முடிந்தது. பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் நுனிக்கு டிடர்ஜென்ட் உதவும், அதனால் நல்ல பெட்ரோலே போடுகிறேன், ஆனால் அது எல்லாவற்றையும் கழுவிவிடும் என்ற நம்பிக்கை போய்விட்டது.

என் அனுபவத்தில் கம்பெனிப் பெயரை விடப் பெரியது, அந்தக் குறிப்பிட்ட பங்க் எப்படி நடக்கிறது என்பது. ஒரு பெருமழைக்கு மறுநாள், அவசரத்தில், ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு பங்க்கில் பாதி டேங்க் போட்டேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றுவிட்டது. டேங்கிலிருந்து எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் வைத்தபோது அடியில் தண்ணீர் தனியாக நின்றது. நிலத்தடித் தொட்டியில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. எத்தனால் என்ற எரிசாராயம் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் மோசம், எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும், டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் பம்புக்கு முதலில் போவது அதுதான். ரசீது கையில் இருந்ததாலும், பாட்டிலை எடுத்துக்கொண்டு போனதாலும்தான் அந்தப் பங்க்கில் பேச முடிந்தது. அன்றிலிருந்து ரசீதை அடுத்த டேங்க் வரை டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். கூட்டம் வந்து போகிற, பெட்ரோல் சீக்கிரம் தீர்ந்து புதிதாக இறங்குகிற பங்க்காகப் பார்த்து நிறுத்துகிறேன். லாரி இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த பங்க்குக்குப் போய்விடுவேன், அடியில் இருக்கும் கசடு கலங்கும் என்று. ஃபில்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும்.

எத்தனால் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதம் கலந்தால் மைலேஜ் சுமார் 3 சதவீதம் இறங்கும், வேண்டுமானால் வகுத்துப் பாருங்கள். ஆனால் ஆக்டேன் ஏற்றுவதில் எத்தனால் கெட்டி, 100-க்கும் மேல். அதனால் பம்பில் ஆக்டேன் எண் கூடியிருந்தும் மைலேஜ் குறைகிறது என்றால் அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் தொல்லை. என் பழைய பைக்கை ஏழு மாதம் மூலையில் நிறுத்திவிட்டு எடுத்தபோது கார்பரேட்டரில் பழைய வார்னிஷ் வாசனை அடித்தது, பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. பிரீமியம் போட்டு நிறுத்தினால் கெடாது என்று யாரோ சொன்னதை நம்பியதன் விளைவு.

விடியற்காலையில் போட்டால் பெட்ரோல் கெட்டியாக இருக்கும், அதிகம் கிடைக்கும் என்பதையும் நோட்டில் சோதித்தேன். ஒரு டிகிரிக்குப் பெட்ரோல் விரிவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான், அதுவும் தொட்டி நிலத்தடியில் இருப்பதால் காலைக்கும் மதியத்துக்கும் சூடு பெரிதாக மாறுவதில்லை. விடியற்காலையில் போட்டதால் கிடைத்த லாபம், வரிசை சின்னது.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் நோட்டோடு போய்ச் சொன்னேன். அவர் அந்தக் காலப் பெட்ரோல் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஈயம் போட்ட பெட்ரோல்தான் பெட்ரோலாம். 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி ஜெனரல் மோட்டார்ஸில் இருந்தபோது நாக்கிங்கை அடக்கக் கண்டுபிடித்தது அது, காற்றில் விஷம் என்று தெரிந்தும் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு உலகம் முழுக்க நிறுத்த 2021 ஆனது, கடைசி நாடு அல்ஜீரியா. ஈயம் போனபோது பழைய இன்ஜின்களின் வால்வு உட்காரும் இடம் தேய்ந்துவிடும் என்று ஒரு பயம் இருந்தது, அது உண்மையான பயமும்கூட. அந்தப் பயத்தில்தான் அவர் பிரீமியத்துக்கு மாறினாராம். வண்டி பிறகு இரண்டு முறை மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

போன மாதம் அவருடைய காரை நான் ஓட்டிக்கொண்டு போய் அவருடைய பங்க்கிலேயே நிறுத்தினேன். பெட்ரோல் மூடியின் கதவுக்கு உட்புறம் அழுக்கேறிய ஒரு ஸ்டிக்கர் இருந்தது. விரலால் துடைத்து, செல்போன் வெளிச்சத்தில் காட்டினேன். 91 என்று போட்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாக அவர் திறந்து மூடுகிற கதவு. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நன்றாகப் படித்துப் பார்த்தார். பிறகு பம்ப் பையனிடம் திரும்பி, "பிரீமியமே போடுப்பா, ஃபுல் டேங்க்" என்றார்.